வடிவுக்கு இடப்பக்கம்

செப்டம்பர் 2, திங்கள்

டைரி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பாளையங்கோட்டையில் காது பரிசோதிக்கிற ஜெனிஃபர் என்ற பெண் எழுதச் சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன். தினமும் என்னென்ன கேட்டது, என்னென்ன கேட்கவில்லை என்று எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். கேட்காததை நான் எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் காரணம் இவர்தான். "எனக்குக் காதுக்குள்ள இரைச்சலா இருக்கு, துணைக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் பார்த்தால் என் பெயரில் டோக்கன் வாங்கி வைத்திருக்கிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், கட்டின பெண்டாட்டியையே இப்படிப் பார்சல் பண்ணுவார் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சண்டையா போட முடியும்? போய் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். காதில் எதையோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கேட்டபோது அழுத்தினேன். நிறைய நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். அவள் மெஷினைப் போட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு படம் காட்டினாள். இரண்டு காதுக்கும் இரண்டு கோடுகள். கீழ்ச் சத்தங்களில் நன்றாகத்தான் இருக்கின்றன, மேலே போகப் போகச் சரிகின்றன. வலது காதின் கோடு படியில் தடுக்கி விழுந்தது போலக் கீழே போய்விட்டது. இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்திருக்கிறாள். ஆறு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லலாமாம்.

அவள் படிக்கப் போகிறாள் என்பதால் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஆவுடையம்மாள். வயது அறுபத்தொன்று. வயலின் வாசிக்கிறவள். இவருடைய தங்கை வடிவு பாடகி. கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்த வருஷத்திலிருந்து என் நாத்தனாரின் கச்சேரிகளுக்கு நான்தான் பக்கவாத்தியம். இந்தப் பக்கத்தில் வடிவு, ஆவுடை என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். காது கேட்காதவள் இப்படி வாசித்துக்கொண்டிருக்க முடியுமா?

செப்டம்பர் 3

குக்கர் மூன்று விசில். மூன்றும் கேட்டது.

செப்டம்பர் 4

மெஷின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. குக்கர் கேட்டது. பால்காரர் இப்போதெல்லாம் மணி அடிப்பதில்லை போலிருக்கிறது. அடித்தார் என்கிறார் இவர்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் வடிவு வந்தாள். நவராத்திரிக்குக் கோயிலில் கச்சேரி, அதற்காக ஒத்திகை. கல்யாணி ராகம் பெரிதாகப் பாடலாம் என்று பேச்சு.

ஜெனிஃபர் சர்ச்சில் பாடுகிறவளாம். அவளுக்குப் புரியும்படி எழுதுகிறேன். எங்கள் கச்சேரியில் பாட்டுக்கு முன்னால் ராகத்தை மட்டும் வார்த்தை இல்லாமல் விரித்துப் பாடுவார்கள். அதற்கு ஆலாபனை என்று பெயர். எழுதி வைத்துப் பாடுவதில்லை, அந்த நேரத்தில் தோன்றுவதுதான். பாடகி ஒரு வீச்சுப் பாடினால் வயலின்காரி அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். முந்தவும் கூடாது, தொலைந்தும் போகக்கூடாது. பிறகு அதே ராகத்தைத் தனியாக வாசிக்க நமக்கும் ஒரு முறை வரும்.

வடிவின் ஆலாபனை முன்னெல்லாம் ஆற்று வெள்ளம் மாதிரி வரும். இப்போது துண்டு துண்டாகப் பாடுகிறாள். ஒரு சின்ன வீச்சு, நிறுத்தம், என் பக்கம் ஒரு பார்வை, மறுபடியும் ஒரு சின்ன வீச்சு. மேல் ஸ்தாயிக்குப் போகிறவள் போனவுடன் இறங்கிவிடுகிறாள். தாளத்தைத் தொடையில் தட்டுகிறாளே, அது தட்டா அடியா? துணி துவைக்கிற சத்தம். வயதாகிவிட்டது பாவம், அவளுக்கும் ஐம்பத்தெட்டு.

நவராத்திரிக்கும் பேச்சிமுத்துதான் மிருதங்கமாம். இரண்டு வருஷமாக எங்கே போனாலும் பேச்சிமுத்து. அவன் நல்ல பிள்ளைதான், பேட்டைக்காரன், நாற்பது வயதுக்குள் நல்ல பேர் எடுத்துவிட்டான். ஆனால் அவனுக்கு இடக்கைப் பழக்கம். மிருதங்கத்தின் இரண்டு முகத்தில் நாதம் பேசுகிற வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். வலக்கைக்காரர் பாடகிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் அது சபையைப் பார்க்கும். அதனால் வயலின் இடப்பக்கம். இடக்கைக்காரன் வந்தால் எல்லாம் தலைகீழ், அவன் என் இடத்துக்கு வருவான், நான் அவன் இடத்துக்குப் போக வேண்டும். முப்பது வருஷம் வடிவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவளுக்கு இது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி. "குற்றாலம் அண்ணாச்சியக் கூப்பிடேன், அவுக வலக்கைதானே, அவுகளுக்கும் கச்சேரி வேண்டாமா" என்றேன். "பாப்போம் மைனி" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஜெனிஃபர் போன் பண்ணினாள். மெஷின் எப்படி இருக்கிறது என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். பீரோவில் நன்றாகத்தானே இருக்கிறது. "வீட்ல யாராச்சும் பேசுறது முன்னைக்கு இப்போ தெளிவா இருக்கா ஆன்ட்டி?" என்றாள். பக்கத்தில் நின்ற இவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. எடுத்து மாட்டினேன்.

சீ, என்ன சத்தம். செய்தித்தாளைப் புரட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிறது. இவர் காப்பி குடிக்கிற சத்தத்துக்கு ஒரு மாட்டுத் தொழுவமே தோற்றுவிடும். எனக்கே என் குரல் பக்கெட்டுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

அடுப்படிக்குப் போய்க் கத்தரிக்காய்க்குத் தாளித்தேன். கடுகு வெடித்தது. ஒவ்வொன்றாக வெடித்தது. கடுகு வெடிப்பதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை, கத்தரிக்காய் கருகப் பார்த்தது.

செப்டம்பர் 10

மெஷினை மாட்டிக்கொண்டு, வயலினை எடுக்கும் முன்னால் சுருதிப் பெட்டியைப் போட்டேன். தம்புரா மாதிரி ஓயாமல் ஒலிக்குமே, அந்த மின்சாரப் பெட்டி. அதில் நிற்கிற ச, ப இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் எங்கள் சங்கீதம் மொத்தமும் நடக்கிறது. சுருதி மாதா என்பார்கள். பெட்டி நன்றாக ஆரம்பித்தது. ஒரு தடவை மூச்சு விடுகிற நேரம், அப்புறம் சத்தம் தேய்ந்து போய்விட்டது. பெட்டியைத் தட்டினேன், வந்தது. மறுபடியும் போய்விட்டது.

பெட்டி கெட்டுவிட்டது என்று இவரை ரிப்பேர் கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் ஒன்றும் கோளாறில்லை என்று திருப்பித் தந்துவிட்டாராம். அவருக்கு என்ன தெரியும்? ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர்.

செப்டம்பர் 11

பரண் மேலிருந்து தம்புராவை இறக்கச் சொன்னேன். தூசி தட்டி, தந்தி கூட்டி மீட்டினேன். தம்புராவும் தேய்கிறது. ஆக, பெட்டியில் குற்றமில்லை. எதிர்வீட்டு டீச்சர் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தாள். "பீத்தோவனுக்கே காது கேக்காமப் போயிட்டு மாமி, அப்புறமும் எவ்வளவு பெரிய பெரிய இசையெல்லாம் எழுதினாரு" என்றாள். எழுதினார் சரி. அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். வடிவு மாதிரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் திரும்பவில்லை. இதை டீச்சரிடம் சொல்லவில்லை, முறுக்கு கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 14, சனி

ஜெனிஃபரிடம் போனோம். தம்புரா கதையைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாரி ஆன்ட்டி, நீங்க மியூசிக் வாசிக்கிறவங்கன்னு தெரிஞ்சும் நான் யோசிக்கலை. ஒரே மாதிரி விடாம ஒரு சத்தம் வந்தா, மெஷின் அதை ஃபேன்னு நினைச்சு அமுக்கிரும். பேச்சு நல்லாக் கேக்கணும்னுதான் அப்பிடிச் செஞ்சிருக்காங்க."

சுருதி மாதாவை ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது! நான் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய சர்ச்சில் ஆர்கனின் நீண்ட ஸ்வரம் நடுங்குகிறது என்று ஒரு பெரியவரும் வந்தாராம். இசைக்கென்று தனியாக ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள். அதை அழுத்தினால் மெஷின் எதையும் அமுக்காது, வருவதை அப்படியே தரும்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. உங்கள் வயலினில் தந்திகள் எப்படி என்று கேட்டாள். சர்ச்சில் வாசிக்கிறவர்கள் நாலு தந்திக்கு நாலு வேறு ஸ்வரம் கூட்டுகிறார்கள், நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிக்கிறார்கள். நாங்கள் ச, ப, ச, ப என்று இரட்டையாகக் கூட்டி, தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கால் மேல் வைத்துக்கொள்கிறோம். "வயலின் எங்க ஊர்க் கருவிதானே ஆன்ட்டி, உங்ககிட்ட எப்பிடி வந்துச்சு?" என்றாள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்கார வாத்தியக்காரரிடம் கற்றுக்கொண்டு நம்முடைய பாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொன்னேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்து சேர்ந்தது இதோ பக்கத்தில் எட்டயபுரத்துக்குத்தான். "எங்க ஊர்க் கருவி" என்கிறாள், பிறந்து வளர்ந்தது இங்கே பாளையங்கோட்டைச் சமாதானபுரம்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். வலது காதில் கேட்கிற ஸ்வரமும் இடது காதில் கேட்கிற ஸ்வரமும் ஒன்றாகத்தானே இருக்கும்? அவள் கொஞ்சம் தயங்கினாள். "சில பேருக்கு ஒரு துளி வித்தியாசம் வரும் ஆன்ட்டி. ஒரே ஸ்வரம் மோசமான காதுல கொஞ்சம் ஏறின மாதிரி கேக்கும்." எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 15

மழை. வடாம் காயவில்லை. வயலினை எடுக்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

இதை ஜெனிஃபரிடம் காட்டப்போவதில்லை.

வைகாசியில் கோவில்பட்டியில் நடந்த கச்சேரியை யாரோ போனில் பதிவு பண்ணி இவருக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே கேட்டேன், நன்றாக இருந்தது. இன்றைக்கு மெஷினை மாட்டி, இசைப் பொத்தானை அழுத்திவிட்டு, ஹெட்போனை அதன் மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டேன். எனக்கு ஒரு ஆசை, தெளிவாகக் கேட்கலாமே என்று.

வடிவு காம்போதி பாடுகிறாள். குரல் ஒரு குறையில்லை, பொன்னாக இருக்கிறது. பின்னால் ஒரு வயலின் வருகிறது. அது சுருதியில் இல்லை. கீழே சரியாக இருக்கிறது, மேலே ஏற ஏறப் பிசகுகிறது. ஸ்வரத்துக்கு மேலே, கூடுதலாகப் போய் நிற்கிறது, நிற்பது தெரியாமலே நிற்கிறது. அதைக் கேட்டதும் வடிவு கீழே இறங்கிவிடுகிறாள். இறங்கி, வயலின் தவறாமல் பிடிக்கக்கூடிய ஒரு சின்ன வீச்சைப் பாடுகிறாள். நிறுத்துகிறாள். காத்திருக்கிறாள். வயலின் வந்து சேர்கிறது. "ஆஹா" என்கிறாள், சபைக்குக் கேட்கும்படி. தொடையில் அந்த அடி. எனக்குக் கேட்க வேண்டும் என்று அடித்த அடி.

வேறு யாராவது இப்படி வாசித்திருந்தால் மேடையை விட்டு இறங்கச் சொல்லியிருப்பேன்.

இவர் மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். "வடிவுக்குத் தெரியுமா?" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றார்.

"பேச்சிமுத்து?"

"உன் வலது காதுதான் மோசம்னு அவ கண்டுபிடிச்சா. இடக்கைக்காரன் வந்தா நீ அந்தப் பக்கம் போவே, இடது காது அவளப் பாத்து இருக்கும். அதுக்குத்தான்."

வேறு என்ன என்றேன். சென்னையில் ஒரு பெரிய சபா போன வருஷமே டிசம்பருக்கு வடிவைக் கூப்பிட்டதாம். வயலினுக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். இவள் முடியாது என்று விட்டுவிட்டாள். இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள், அதே நிபந்தனை. நவராத்திரி முடிந்து பதில் சொல்ல வேண்டுமாம். வடிவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த மேடைக்காக அவள் எவ்வளவு நாள் ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள் என்று என்ன நிச்சயம்?

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவர் உரித்து வைத்த கடலையை எல்லாம் நானே தின்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

வடிவு வழக்கம் போலக் காலையில் வந்தாள். காப்பியைக் கொடுத்தேன். "ஏட்டி, எதுக்குப் பேச்சிமுத்து?" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணன் சொல்லிட்டாகளா?"

"அவுகளா வந்து சொல்லலை. நான் கேட்டேன், பதில் சொன்னாக. நீ சொல்லணும்னு உனக்குத் தோணலையா?"

"எப்பிடி மைனி சொல்லுதது? உங்களுக்குக் காது போச்சு, சுருதி சேரலைன்னு என் வாயால சொல்லவா? அன்னைக்கு மதுரைக் கச்சேரியில எனக்குத் தொண்டை அடைச்சு மேல் ஷட்ஜம் வரலை. நான் பாதியில நிறுத்தினதை நீங்க வயலின்ல எடுத்துட்டுப் போயி, ஒருத்தருக்கும் தெரியாமப் பண்ணினீக. நீங்க எனக்குச் செஞ்சதைத்தான் நான் உங்களுக்குச் செஞ்சேன்."

"அது ஒரு நாளு. மறுநாள் காலையில உன்ன உக்கார வச்சு, தொண்டை ஏன் நிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரே கேட்டேன். ஒரு மாசம் உன்னப் பாடவே விடலை. நீ என்னத் திட்டிக்கிட்டே கஷாயம் குடிச்சே. இது ரெண்டு வருஷம், வடிவு. ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சும் 'நல்லா இருந்துச்சு மைனி'ன்னு சொன்னியே. வாய் கூசலையா?"

"கூசிச்சு" என்றாள். கண்ணில் தண்ணீர். "சொன்னா நீங்க வயலினைத் தூக்கி வச்சிருவீக. எனக்கு உங்க ரோஷம் தெரியாதா? நீங்க இல்லாம நான் எப்பிடிப் பாடுதது?"

"நான் இருந்தும் நீ பாடலையே. ரெண்டு வருஷமா மேல போகாம, விரிக்காம, எனக்காகத் துண்டு துண்டாப் பாடிக்கிட்டு இருக்கே. உனக்கு வயசாயிட்டுன்னு நினைச்சு நான் பரிதாபப்பட்டேன் பாரு, என்னச் சொல்லணும். நீ என்ன ஏமாத்தினது கூடப் பெரிசில்லை. என்ன ஒரு வயலின்காரியாவே நீ எண்ணலை."

கடுமையான வார்த்தைதான். வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதாகச் சொல்லிப் போய்விட்டார். பெரிய தைரியசாலி.

மறுபடியும் நான்தான் பேசினேன். நவராத்திரிக் கச்சேரிக்குக் குற்றாலம் அண்ணாச்சி மிருதங்கம். நான் என் பழைய இடத்தில், இடப்பக்கம், வலது காது உன்னைப் பார்க்க உட்காருவேன். மெஷின் போட்டுக்கொள்கிறேன். தொடையில் அடிக்கக்கூடாது, காத்திருக்கக்கூடாது, உன் இஷ்டத்துக்கு முழுசாகப் பாட வேண்டும். முடிந்த பிறகு எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதை வைத்துச் சென்னைக்குப் பதில் எழுது.

"நல்லா இல்லைன்னா?" என்றாள்.

"நல்லா இல்லைன்னு சொல்லு."

கூடத்துப் படங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாள். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனாள், அப்படி அவள் போனதே கிடையாது.

செப்டம்பர் 21

வடிவு வரவில்லை.

செப்டம்பர் 24

வரவில்லை. புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, அதற்குள் கொஞ்சம் அதிரசம். இது நாத்தனார் பாஷை, ஜெனிஃபருக்குப் புரியாது.

செப்டம்பர் 28

வயலின் சாதகம் காலையில் இரண்டு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். மெஷினில் என் வயலினே எனக்கு அந்நியமாகக் கேட்கிறது. தோலை உரித்துவிட்ட மாதிரி ஒரு கூர்மை. எது சரியான ஸ்வரம் என்று காது ஒன்று சொல்கிறது, விரல் வேறு சொல்கிறது. எதை நம்புவது? முதல் தடவையாக எனக்குப் பயமாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன். "பயமா இருந்தா ஒழுங்கா வாசிப்பே" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத குடும்பம்.

அக்டோபர் 3

கொலு வைத்தாயிற்று. செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்துவிட்டது.

அக்டோபர் 5, சனி

வடிவு வந்தாள். ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்து சுண்டலில் உப்பு குறைவு என்றாள். ஒத்திகை வேண்டாம், மேடையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முன்கூட்டியே தெரிந்தால் உண்மை வராது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி. சரஸ்வதி பூஜை

கச்சேரி முடிந்து வந்து, புடவை கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

குற்றாலம் அண்ணாச்சி எனக்கு எதிரே. நான் வடிவுக்கு இடப்பக்கம். உட்கார்ந்தபோதே முதுகு நிமிர்ந்துகொண்டது. முதல் உருப்படியான வர்ணத்தில் வில் சீராக ஓடவில்லை, இரண்டாவது பாட்டில் சரியானது. கூட்டத்தின் இரைச்சல், பிரசாத வரிசை, மைக்கின் கீச்சு எல்லாவற்றையும் மெஷின் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தது. அதற்குள் வடிவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு கல்யாணி. அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். துண்டு போடவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகப் படியேறிப் போய் மேல் ஸ்தாயிக் காந்தார ஸ்வரத்தில் நின்றாள். அப்படி ஒரு நிற்பு. இரண்டு வருஷமாக எனக்காக அவள் பூட்டி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. அடிப்பாவி, இதையா எனக்காக விட்டுக்கொடுத்தாய் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். பிடித்தேனா? பிடித்தேன் என்று விரல் சொன்னது. அதை நம்புவதற்கில்லை. கூட்டம் கை தட்டியது, அதையும் நம்புவதற்கில்லை, அவர்கள் கோவில்பட்டியிலும் தட்டினார்கள்.

முடிந்ததும் மாலை, தேங்காய், போட்டோ. வடிவு என் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்து, நாளைக்கு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

வாசல் தெளிக்கிற நேரத்துக்கே வந்துவிட்டாள். குளித்து, திருநீறு பூசி, தேர்வு எழுதப் போகிறவள் மாதிரி வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். கூடத்தில் எதிரே உட்கார்ந்தாள். இவர் எழுந்து போகப் பார்த்தார், "அண்ணன், நீங்களும் இருங்க" என்றாள்.

"வர்ணம் கொஞ்சம் நடுக்கம், ஆனாச் சுருதி சுத்தம். ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு. கல்யாணியில கீழ, நடுவுல, ரெண்டும் பழைய ஆவுடை. எனக்கு அழுகையே வந்துட்டு." நிறுத்தி என்னை நேராகப் பார்த்தாள். "மேல காந்தாரத்துல நீங்க சுருதி கூடுதலா நின்னீக. ஒரு துளிதான், ஆனா நான் நிக்குத வரைக்கும் அப்பிடியே நின்னீக. ஸ்வரம் பாடுகையில ரெண்டு இடத்துல நான் பாடினது ஒண்ணு, நீங்க திருப்பி வாசிச்சது ஒண்ணு. அண்ணாச்சியே நிமிர்ந்து பாத்தாக."

சரி என்றேன்.

"சென்னைக்கு வேற வயலின் சொல்லிடுதேன் மைனி."

அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் நேராக நெஞ்சில்தான் விழுந்தது. விழாது என்று நினைத்திருந்தால் நான் முட்டாள். அவள் அந்த மேடையில் பாடும்போது வேறு ஒருத்தி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

"யாரு?" என்றேன்.

"நாகர்கோவில்ல ஒரு பொண்ணு, தங்கபாய். நல்லா வாசிக்கா."

"வில்லை அழுத்துவா. உன் கீழ்க்குரலை மூடிரும். அவ மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு. கல்யாணியத்தான் பாடணும், நேத்துப் பாடின மாதிரி. அவளுக்காக எதையும் குறைச்சே, தெரியும் சேதி."

வடிவு அழ ஆரம்பித்துவிட்டாள். நானும்தான். இவர் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார், மூன்று டம்ளரிலும் சர்க்கரை போட மறந்துவிட்டார். மூன்று பேரும் அப்படியே குடித்தோம்.

"பங்குனியில செங்கோட்டைக் கச்சேரி இருக்கு" என்றாள். "அதுக்கு நீங்க வரணும். ஆனா முந்தியே ஒரு நாள் நான் உக்காந்து கேப்பேன். சரியா இருந்தாத்தான்."

"சரியா இல்லைன்னா?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

"இப்பமே கேளு" என்று வயலினை எடுத்தேன். தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு அவள் மீட்டினாள். "மேல் காந்தாரம்" என்றாள். உத்தரவு போடுகிறாள், நாத்தனார் இல்லையா. வாசித்தேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். விரலை ஒரு நூல் நகர்த்தினேன். இல்லை. மறுபடியும். இல்லை மைனி, இன்னும் கீழ. மெஷினைக் கழற்றிவிட்டு வாசித்தேன், மாட்டிக்கொண்டு வாசித்தேன். இல்லை. ஒரே ஒரு தடவை புருவம் உயர்ந்தது. அடுத்த தடவை மறுபடியும் இல்லை.

இவர் வந்து சோறு ஆறுகிறது என்று சொல்கிறவரைக்கும் அவள் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நான் சாதகம் பண்ணி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.